அழைப்பிதழுக்கு முன்னால் அட்டவணை

சென்ற மாதமும் ஒரு வழிபாட்டுத் தலத்தின் கட்டுமானக் குழுவினர் பொறியாளரான என்னைத் தேடி வந்தார்கள். வேலை அட்டவணை எதுவும் கொண்டுவரவில்லை, அச்சடித்த அழைப்பிதழ்தான் கையில் இருந்தது. "தேதி குறிச்சாச்சு சார், அதுக்குள்ள மண்டபம் முடியணும்" என்றார் தலைவர். நேரில் போய்ப் பார்த்தேன். பத்து மீட்டர் பீம் (கூரையைத் தாங்கும் உத்தரம்), கான்கிரீட் போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. டைல்ஸ் ஒட்ட இடம் வேண்டுமென்று ஒருவர் பீமை அடியில் தாங்கி நின்ற முட்டுகளைச் சுத்தியலால் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார். பீமின் அடியில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு. வேலையை நிறுத்தச் சொல்லி, முட்டுகளை மறுபடி கொடுக்க வைத்தேன். இன்னும் எத்தனை இடத்தில் இதையே சொல்வது?

"நல்லா காஞ்சிருச்சு சார், வெயில் கொளுத்துதே." எனக்கு அதிகம் கோபம் வரவைப்பது இந்தப் பேச்சுதான். கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமெண்டும் தண்ணீரும் வேதிவினை புரிந்து இறுகுகிறது. ஆற்றுக்குள் தண்ணீருக்கு அடியில் போடும் பாலத்தின் அடித்தளம்கூட இறுகுகிறதே, அங்கே எந்த வெயில் அடித்தது? ஈரம் இருக்கும்வரை வினை நடக்கும். ஈரம் போனால் நின்றுவிடும். ஆக, முதல் வாரத்து வெயில் வேலையைக் கெடுக்கத்தான் செய்கிறது. அதனால்தான் தண்ணீர் விடச் சொல்லி உயிரை வாங்குகிறோம். கையால் தட்டினால் கல் மாதிரிதான் இருக்கும், ஆனால் பலம் ஏறியிருக்காது. வழக்கமான கலவை 7 நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலத்தைத்தான் எட்டும். நாங்கள் கணக்குப் போடுவதோ 28 நாள் பலத்தை வைத்து. ஆள் கூட்டினால் கம்பி கட்டுவது சீக்கிரம் முடியும், பூச்சு வேலை முடியும். நூறு பேரை நிறுத்தினாலும் கான்கிரீட்டுக்கு வயது கூடாது. சீக்கிரம் பலம் ஏறும் கலவை உண்டுதான். அதைக் கலவை வடிவமைக்கும்போதே கேளுங்கள், விழாவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது கேட்காதீர்கள்.

கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ, எல்லோரும் நடுவில் தூண் வேண்டாம் என்கிறீர்கள். சரி, அப்படியே கட்டலாம். ஆனால் தூண் இல்லாவிட்டால் பீம் நீளும். வீட்டு அறைக்கு ஒரு வாரத்தில் முட்டு எடுத்த பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. ஆறு மீட்டரைத் தாண்டிய பீமுக்குச் சாதாரண சிமெண்டில் 21 நாள் என்பதே குறைந்தபட்சம். சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் இன்னும் கூடும். (எடுக்கும்போதும் நடுவில் தொடங்கி இரண்டு ஓரங்களை நோக்கிப் போக வேண்டும். மேஸ்திரிக்குத் தெரியும் என்று விட்டுவிடாதீர்கள்.)

2016 டிசம்பர் 10 அன்று நைஜீரியாவின் உயோ நகரில், கட்டி முடியாத ஒரு தேவாலயத்தில் ஆயர் அபிஷேக விழா நடந்துகொண்டிருந்தபோது கூரை சரிந்து பலர் இறந்தார்கள். விழாவுக்குள் முடிக்க அவசர அவசரமாக வேலை நடந்ததாக அப்போதே செய்திகள் வந்தன.

அட்டவணையில் பணத்தையும் சேர்த்து எழுதுங்கள். நன்கொடை ஒரே சீராக வராது. அதனால் எங்கெங்கே நிறுத்தலாம் என்று பொறியாளருடன் உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அடித்தளம் முடித்து நிறுத்தலாம், ஒரு தளம் முடித்து நிறுத்தலாம். சென்டரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகை) அடித்துக் கம்பி கட்டிய பிறகு பணமில்லை என்று மாதக்கணக்கில் போட்டுவைக்கக் கூடாது. மேலே நீட்டி விட்ட கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் பூசி வையுங்கள், துரு ஏறாது. இடையில் நிற்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. கொலோன் பேராலயம் 1248-ல் தொடங்கி 1880-ல்தான் முடிந்தது, நடுவில் சில நூற்றாண்டுகள் வேலை நின்றேபோனது.

மாற்றங்களைச் சொல்ல ஒரே ஒருவரை நியமியுங்கள். குழுவில் ஆளுக்கொன்றாக மேஸ்திரியிடம் சொன்னால் எந்த அட்டவணையும் தாங்காது. மைக், மின்விசிறி, விளக்குக்கான குழாய்கள் தளம் போடும் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். பிறகு பீமைக் கொத்த வந்தால் நான் சம்மதிக்க மாட்டேன். வழிபாடு நடந்துகொண்டே கட்டுகிறீர்கள் என்றால் வேலையிடத்தைத் தகரம் வைத்து முழுக்க அடைத்து, பக்தர்களுக்குத் தனி வழி விடுங்கள். சாரத்துக்குக் கீழே குழந்தைகள் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், வயிறு கலங்குகிறது.

பூச்சு வேலைக்குக் காயும் நேரம் உண்மையாகவே வேண்டும். புதுப் பூச்சுக்குச் சுமார் நான்கு வாரம் விட்டுப் பெயிண்ட் அடியுங்கள். ஈரத்தின் மேல் அடித்தால் உரிந்து வரும்.

தேதிதான் முதலில் வேண்டும் என்றால் மாதத்தை மட்டும் அறிவியுங்கள். கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பலம் பார்க்கும் கியூப் சோதனையின் முடிவு வந்து, கடைசி முட்டும் எடுத்து, பொறியாளர் எழுத்தில் கொடுத்த பிறகு நாளைச் சொல்லுங்கள். கையெடுத்துக் கேட்கிறேன். வேலை முடிவதற்கும் விழாவுக்கும் நடுவில் இரண்டு வாரமாவது விடுங்கள். அந்த நாட்களில் ஒலிபெருக்கியைப் போட்டு எதிரொலி எப்படி என்று பாருங்கள், மின் இணைப்பை முழுச் சுமையில் ஓடவிடுங்கள், வெளியேறும் கதவுகள் எல்லாம் வெளிப்பக்கமாகத் தடையில்லாமல் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள்.