புதிய மெட்டல் டிடெக்டர் பழையதைவிட ஆழமாகப் பார்க்குமா?

அமெரிக்காவில் 1964 வரை புழக்கத்துக்கு வந்த டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்) காசுகளில் 90 சதவீதம் வெள்ளி. 1965 முதல் வெள்ளியை எடுத்துவிட்டு, செம்புத் தகட்டின் இருபுறமும் செம்பு-நிக்கல் கலவையைப் போர்த்தினார்கள். அங்கே பூங்காக்களிலும் பழைய பள்ளி மைதானங்களிலும் மெட்டல் டிடெக்டரோடு நடப்பவர்களில் பலர் தேடுவது இந்த 1965க்கு முந்தைய காசுகளைத்தான். எளிதில் சிக்கக்கூடியதை எல்லாம் 1970, 80களிலேயே தோண்டி எடுத்துவிட்டார்கள். அதனால் இன்று புதுக் கருவி வாங்குபவரின் நம்பிக்கை, அன்றைய கருவிக்கு எட்டாத ஆழத்தில் இன்னும் காசு கிடக்கும், தன் கருவி அதைப் பார்த்துவிடும் என்பதுதான். புதிய கருவி நல்ல கருவிதான். ஆனால் அதன் பலம் ஆழத்தில் இல்லை.

ஏன் என்று பார்க்கலாம். கருவியின் அடித்தட்டுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்றில் மாறுமின்னோட்டம் ஓடும், அது மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை ஏற்படுத்தும். அந்தப் புலம் காசின் மேல் பட்டதும் காசுக்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தை உண்டாக்கும். இரண்டாவது சுருள் அதைத்தான் பிடிக்கிறது.

சுருளை விட்டுத் தள்ளிப் போகப் போக, போகிற புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறைகிறது. காசிலிருந்து திரும்பி வருவதும் அப்படியே. இரண்டையும் சேர்த்தால் ஆறாம் அடுக்கு. அதாவது தூரம் இரண்டு மடங்கானால், வந்து சேரும் சமிக்ஞை 64 மடங்கு வரை சிறுத்துவிடும். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். 20 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு டைம் காசைப் பார்க்கிற கருவியின் மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினால், கூடுதலாகக் கிடைப்பது இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். மண்ணில் இரும்புத் தாதுக்கள் அதிகம் இருந்தால் அதுவும் கிடைக்காது, ஏனென்றால் மண் திருப்பியனுப்பும் சமிக்ஞையும் கூடவே இரட்டிப்பாகிவிடும். இந்த விதியை எந்த நிறுவனமும் மீற முடியாது. வெள்ளி நன்றாக மின்சாரம் கடத்துகிற உலோகம் என்பதால், அதற்குக் குறைந்த அதிர்வெண்ணே, அதாவது சுருளில் ஓடும் மின்னோட்டம் நொடிக்குக் குறைவான முறை திசை மாறினாலே, போதும். ஒயிட்ஸ் நிறுவனத்தின் பழைய கருவிகள் பல சுமார் 6.6 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்தன. குப்பை இல்லாத நல்ல மண்ணில் ஒரு வெள்ளிக் குவார்ட்டரைப் பிடிக்க அது இன்றைக்கும் தாராளம்.

அப்படியென்றால் "இங்கே இனி ஒன்றுமில்லை" என்று பலரும் கைவிட்ட பூங்காவில் புதிய கருவிக்கு மட்டும் வெள்ளி எப்படிக் கிடைக்கிறது? அந்தக் காசு பெரும்பாலும் ஆழத்தில் ஒளிந்திருக்கவில்லை. துருப்பிடித்த ஓர் ஆணிக்குப் பக்கத்தில் கிடந்தது.

இரும்பின் தொல்லை இந்தக் கருவியோடு கூடவே பிறந்தது. 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிவிட்ட குண்டைக் கண்டுபிடிக்க, அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து கொண்டுவந்தார். அது சரியாக வேலை செய்யவில்லை. மெத்தைக்குள் இருந்த எஃகுக் கம்பிகள் குழப்பின. போதாக்குறைக்கு, குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்பிய மருத்துவர் அந்தப் பக்கத்தை மட்டுமே சோதிக்க விட்டார். குண்டு இருந்ததோ இடப்பக்கம்.

பூங்காவில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். தட்டை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசுகிறீர்கள் என்று வையுங்கள். வழியில் ஓர் ஆணி, அதிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி ஒரு டைம் காசு. ஆணியைக் கண்டதும் கருவி "இது இரும்பு" என்று முடிவு செய்து ஒலியை அடக்கிவிடுகிறது. அதன் வடிகட்டிச் சுற்று பழைய நிலைக்குத் திரும்ப 0.1 நொடி ஆகிறதென்றால், அதற்குள் தட்டு 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். டைம் காசு நடுவிலேயே தவறிப் போய்விட்டது. ஒலிபெருக்கி அலறும் கல்யாண வீட்டில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாதது போலத்தான் இதுவும். புதிய கருவிகள் சமிக்ஞையை எண்களாக மாற்றி, நொடிக்குப் பல முறை புதிதாகக் கணக்குப் போடுகின்றன. அதனால் ஆணியை மறந்து அடுத்த பொருளுக்குத் தயாராவது மிக வேகமாக நடக்கிறது. மைன்லேப் நிறுவனம் 2018இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எக்வினாக்ஸ் 800 கருவியில் இந்த மீட்சி வேகத்தை 1 முதல் 8 வரை நாமே மாற்றி வைக்கலாம்.

பழசெல்லாம் மந்தம் என்றும் முடிவு கட்டக் கூடாது. இதைச் சோதிக்க ஆர்வலர்கள் ஒரு பலகையில் நான்கு ஆணிகளை வைத்து, அவற்றுக்கு நடுவில் ஒரு சென்ட் காசை வைப்பார்கள். டெசோரோ நிறுவனத்தின் எளிய அனலாக் கருவிகள் சில இதில் நன்றாகவே தேறிவிடும். மாறாக, 2000களின் தொடக்கத்தில் வந்த மைன்லேப் எக்ஸ்ப்ளோரர் ஆழத்து வெள்ளிக்குப் பேர் போனது. ஆனால் நிதானமாக வீச வேண்டும், ஆணிகள் மொய்க்கும் இடத்தில் திணறும்.

பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் வேலை செய்வதும் நேற்று வந்த புதுமை இல்லை. 1991 வாக்கிலேயே ஃபிஷர் நிறுவனத்தின் சிஇசட் வரிசைக் கருவிகள் 5, 15 கிலோஹெர்ட்ஸ் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தின. கடற்கரையில் இதன் அருமை தெரியும். உப்பில் ஊறிய ஈரமணல் தானே மின்சாரம் கடத்தும், அதனால் ஒற்றை அதிர்வெண் கருவி ஓயாமல் கத்தும். இரண்டு அதிர்வெண்களின் பதில்களை ஒப்பிட்டால் உப்பையும் மண்ணையும் சேர்த்தே கழித்துவிடலாம். இன்றைய கருவிகள் அதையே இன்னும் நுணுக்கமாகச் செய்கின்றன. ஆழத்தில் கிடக்கும் காசை மண்ணின் தாது இரும்பு போலக் காட்டுகிற குழப்பமும் இதனால் ஓரளவு குறைகிறது. என்னைக் கேட்டால், கொடுக்கும் பணத்துக்கு உண்மையான மதிப்பு இந்த இரண்டிலும்தான்: குப்பை நடுவே காசைப் பிரித்தறிவது, கெட்ட மண்ணிலும் ஒழுங்காகப் படிப்பது. உங்கள் பகுதியில் இரண்டும் பிரச்சினை இல்லையென்றால் பழைய கருவியை மாற்ற அவசரமே இல்லை. குப்பை அதிகம் என்றால்கூட முதலில் அதற்கு ஒரு சின்னத் தட்டு வாங்கிப் பாருங்கள். தட்டு சிறுத்தால் ஆழம் கொஞ்சம் போகும், ஆனால் ஆணியும் காசும் ஒரே நேரத்தில் அதன் கீழே வருவது குறையும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பழையதும் புதியதும் ஒன்றுதான். திரையில் தெரியும் எண் உலோகத்தின் பெயரைச் சொல்வதில்லை. சுழல் மின்னோட்டம் எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதைத்தான் சொல்கிறது. அது உலோகம், பருமன், வடிவம் மூன்றையும் பொறுத்தது. அமெரிக்காவின் 5 சென்ட் நிக்கல் காசும், பழைய குளிர்பானக் கேன்களிலிருந்து பிய்த்து எறிந்த அலுமினிய வளையமும், சிறிய தங்க மோதிரமும் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து விழும். வளையம் வேண்டாம் என்று அந்த எண்ணை அடைத்துவிட்டால் மோதிரமும் மண்ணிலேயே கிடக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியானாலும் அந்த இடத்தில் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.