பழைய முகத்தை நகலெடுக்கிறீர்களா? மேல்நிறத்தில் தொடங்காதீர்கள்

ஆயில் பெயின்டிங் பழக, பழைய ஓவியர் ஒருவரின் முகப்படத்தை நகலெடுப்பது மிக நல்ல பயிற்சி. ஆனால் பலர் கண்ணுக்குத் தெரியும் தோல் நிறத்தைப் பேலட்டில் கலந்து நேரே கேன்வாஸில் பூசிவிடுகிறார்கள். முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் தட்டையாகிவிடும். அந்த ஓவியங்கள் அடுக்கடுக்காக எழுந்தவை. நகலும் அப்படித்தான் எழ வேண்டும்.

டச்சு ஓவியர் வெர்மீர் சுமார் 1665இல் வரைந்த ‘முத்துக் காதணி அணிந்த பெண்’ஐ எடுத்துக்கொள்வோம். மூலப் படம் 44.5 × 39 செ.மீ. தான். முதலில் கட்டம் போட்டு உருவத்தைக் கேன்வாஸுக்கு மாற்றுங்கள். பிறகு டர்பன்டைன் என்னும் கரைப்பானில் நீர்க்கக் கரைத்த பர்ன்ட் அம்பர் என்னும் பழுப்பு வண்ணத்தால் ஒளி, நிழல் இரண்டை மட்டும் வையுங்கள். அம்பரில் உள்ள மாங்கனீசு எண்ணெயை விரைவில் உலர்த்தும் என்பதால், மெல்லிய பூச்சு ஓரிரு நாளில் அடுத்த அடுக்குக்குத் தயாராகிவிடும். ஐவரி பிளாக் மெதுவாக உலரும். அதை அடியில் கனமாகப் பூசாதீர்கள்.

அடுத்தடுத்த அடுக்குகளில் ஆளிவிதை எண்ணெயைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இந்த வரிசை தலைகீழானால் படம் வெடிக்கும். ஆயில் பெயின்ட் நீர்போல் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. எண்ணெய் மிகுந்த அடியடுக்கு இன்னும் அசைந்துகொண்டிருக்க, மேலே எண்ணெய் குறைந்த பூச்சு முந்திக்கொண்டு இறுகினால் விரிசல்தான்.

இந்தப் பெண்ணின் மூக்குத்தண்டுக்கும் அதற்கு அப்பாலுள்ள கன்னத்துக்கும் இடையே கோடே இல்லை. இரண்டும் ஒரே ஒளியில் கலந்துவிடுகின்றன. புதிதாகப் பழகுபவர் கை அங்கே தானாக ஒரு கோடு இழுக்கும். இழுத்ததும் முகம் செத்துவிடும். முத்தும் அப்படியே: மேலே ஓர் அழுத்தமான ஒளிப்புள்ளி, கீழே வெள்ளைக் கழுத்துப்பட்டையின் மங்கலான பிரதிபலிப்பு, அவ்வளவுதான். மாட்டும் கொக்கிகூட வரையப்படவில்லை.

பின்னணி இன்று கறுப்பாகத் தெரிகிறது. வரைந்தபோது அது பச்சைத் திரை என்பது இந்தப் படத்தை வைத்திருக்கும் மௌரிட்ஸ்ஹாய்ஸ் அருங்காட்சியகம் 2018இல் தொடங்கிய ஆய்வில் தெரியவந்தது. எந்த நிலையை நகலெடுக்கிறோம் என்பதை முன்பே தீர்மானியுங்கள்.

பாதுகாப்பில் அலட்சியம் வேண்டாம். அக்கால ஓவியர்களின் வெள்ளை வண்ணம் ஈயத்தால் ஆனது, அது நஞ்சு. டைட்டானியம் ஒயிட் போதும். ஆனால் அது குளிர்ந்த வெள்ளை என்பதால் தோலுக்குத் துளி யெல்லோ ஓக்கர் என்னும் மண்மஞ்சள் சேருங்கள். டர்பன்டைன் திறந்திருக்கும்போது ஜன்னலும் திறந்திருக்கட்டும். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிக் குவித்துப் போட்டால், உலரும்போது எழும் வெப்பத்திலேயே அது தீப்பற்றக்கூடும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவையுங்கள். இல்லையேல் தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.