செல்லோ: சொல் விளக்கம்

செல்லோ: பெயர்ச்சொல். வயலின் குடும்பத்து நரம்புக்கருவி. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி வில்லால் வாசிப்பது. தந்திகள் நான்கு, அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே ச-ப இடைவெளி. உச்சரிக்கும்போது 'பச்சை'யில் வரும் ச்ச ஒலிதான் முதலில் வரவேண்டும்.

மூலம் இத்தாலியம். வியோலா என்ற கருவியின் பெரிய வடிவம் வியோலோனே. அதில் சிறியது வியோலோன்செல்லோ. அதாவது 'குட்டிப் பெரிய வியோலா'. நரம்புத் தந்தியின் மேல் உலோகக் கம்பி சுற்றும் முறை 17ஆம் நூற்றாண்டில் வந்ததும், நீளம் குறைந்த தந்தியிலேயே தாழ்ந்த சுரம் பிடிக்க முடிந்தது, கருவியும் சிறுத்தது. 1665இல் இந்தப் பெயர் அச்சில் வந்துவிட்டது. பின்னர் நாக்கு சோம்பியதில் தலைப்பகுதி உதிர்ந்து, 'சிறிய' என்ற பொருள் தரும் விகுதி மட்டும் பெயராக நின்றுவிட்டது!

பாடகருக்கு இது அருமையான துணை. வயலினைப்போலத் தாடை அழுந்தாது, வாய்க்குத் தடையில்லை. நாதமும் மனிதக் குரலோடு இழையும். செல்லோ வாசித்தபடி பாடும் லேலா மக்காலாவைக் கேளுங்கள். ஹைட்டியிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்தவர். செல்லோவை முறையாகப் படித்து, 2010இல் நியூ ஆர்லியன்ஸுக்குப் போய், அங்கே தெருவோரத்தில் ஜெர்மன் இசைமேதை பாக்கின் இசையை வாசித்தவர். ஆங்கிலம், பிரெஞ்சு, ஹைட்டி மக்களின் பேச்சுமொழியான கிரெயோல் மூன்றிலும் பாடுகிறார். பல பாட்டுகளில் வில்லைக் கீழே வைத்துவிட்டு விரலால் சுண்டுகிறார். அப்போது செல்லோ கச்சேரி மேடையை மறந்து, ஹைட்டி நாட்டுப்பாட்டுக்குத் தாளம் சொல்கிறது. மரபுகளைக் கலப்பது என்றால் இப்படிக் கலக்கவேண்டும். ஒரு மரபை இன்னொன்றுக்கு வெறும் பின்னணியாக ஒட்டவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

தமிழில் என்ன சொல்வது? 'வில்யாழ்' என்றால் அழகுதான், ஆனால் பெரும்பாணாற்றுப்படையில் இடையன் குமிழங்கொம்பில் மரல்நார் கட்டி இசைக்கும் வில்யாழ் வேறு. அங்கே வில் என்பது யாழின் உடல். 'வில்லிசை' என்றால் வில்லுப்பாட்டு. தாழ்ந்த சுரத்துக்குப் பழந்தமிழில் 'மெலிவு' என்று பெயர் உண்டு; இன்றைய காதுக்கு அது நோஞ்சான் என்றுதான் படும். பொருள் தெரியவேண்டிய இடத்தில் 'மந்தர வயலின்' என்று ஒருமுறை விளக்கிவிட்டு, மற்ற இடங்களில் செல்லோ என்றே எழுதலாம் என்பது என் முடிவு. வயலினையே அப்படித்தானே நமதாக்கிக்கொண்டோம்? வாசிப்பவர், செல்லோ கலைஞர்.

எழுதும் முறை: 'அவர் செல்லோவைச் சுண்டியபடி கிரெயோலில் பாடினார்.'