ஒரே உரை, இரண்டு மொழி: ஆங்கிலத்திலும் போர்ச்சுகீசியத்திலும் மேடையேறும் முன்

உரையை ஆங்கிலத்தில் எழுதி, போர்ச்சுகீசியத்துக்கு மொழிபெயர்த்து வாங்கி, மேடையில் பார்த்துப் படித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் அடி நேரத்தில் விழும். போர்ச்சுகீசியத்தில் சொற்களும் நீளம், சின்னச் சின்ன இணைப்புச் சொற்களும் அதிகம். மொழிபெயர்ப்பு ஐந்தில் ஒரு பங்கு நீண்டுவிடுவது சாதாரணம். கடைசிப் பகுதியை மென்று விழுங்க வேண்டிவரும். இரண்டு பிரதிகளையும் தனித்தனியாக வாய்விட்டுப் படித்து நேரம் பாருங்கள். தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 110 சொல் போதும். இரண்டு மொழிக்கும் சேர்த்து 10 நிமிடம் என்றால், ஆங்கிலப் பகுதி 500 சொல்லைத் தாண்டக்கூடாது.

எந்த நாட்டுப் போர்ச்சுகீசியம் என்பதை எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள். இரவு வணக்கம் பிரேசிலின் பெரும்பகுதியில் ‘போவா நோய்ச்சி’. லிஸ்பனில் கடைசி உயிரொலி தேய்ந்து ‘நோய்த்’ என்று நின்றுவிடும். அங்கோலா, மொசாம்பிக் மேடைகளில் போர்ச்சுகல் வழக்கே பொருந்தும். ‘வொசே’ என்ற முன்னிலைச் சொல் பிரேசிலில் இயல்பானது; போர்ச்சுகலில் சில இடங்களில் மரியாதைக் குறைவாகப் படும். ‘செஞோராஸ் இ செஞோரெஸ்’ (சீமாட்டிகளே, சீமான்களே) என்று தொடங்கினால் எங்கும் பழுதில்லை. நடுவில் வரும் அந்த ஒலி நம் ‘ஞ’ தான், தயங்கவே வேண்டாம்.

நன்றி சொல்லும்போது ஆண் ‘ஒப்ரிகாது’, பெண் ‘ஒப்ரிகாதா’. பேசுபவர் யாரோ அதற்கேற்ப இது மாறும். கேட்பவரைப் பார்த்து மாற்றுவது பரவலான தவறு.

உரையைக் கவிழ்ப்பவை பெரும்பாலும் எண்கள்தான். ஆங்கிலத்தின் ஒரு பில்லியன், அதாவது 100 கோடி, பிரேசிலிலும் அதே பெயரில் வழங்குகிறது. போர்ச்சுகலிலோ அந்தச் சொல் லட்சம் கோடியைக் குறிக்கும். 100 கோடியை அங்கே ‘ஆயிரம் மில்லியன்’ என்ற பொருளில்தான் சொல்வார்கள். போதாக்குறைக்கு, புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறும். 2.500 என்பது ஆங்கிலத்தில் இரண்டரை, போர்ச்சுகீசியத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு. எனவே பேச்சுப் பிரதியில் எண்ணை இலக்கத்தில் விடாதீர்கள். வாயால் சொல்லப்போவதை எழுத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஒலியொத்த சொற்களும் காலை வாரும். ஆங்கிலத்தில் ‘ஈவென்சுவலி’ என்றால் ‘கடைசியில் நிச்சயம்’. போர்ச்சுகீசியத்தில் அதே வேரில் வரும் சொல்லுக்கு ‘ஒருவேளை’ என்று பொருள். “பாக்கியைக் கடைசியில் கொடுத்துவிடுவோம்” என்ற வாக்குறுதி, “கொடுத்தாலும் கொடுப்போம்” என்று போய்ச் சேரும். இதுபோன்ற சொற்களை மட்டுமாவது அந்த மொழிக்காரர் ஒருவர் பார்த்துத் தரட்டும்.

உச்சரிப்பில் நமக்குச் சிக்கல் மூக்கொலிதான். ரொட்டிக்கான சொல்லை மூக்கொலி இல்லாமல் சொன்னால் ‘பாவ்’, அதாவது கட்டை. அதற்காக ‘பாங்’ என்று முடிப்பதும் தவறு: நாக்கின் பின்புறம் மேலே தொட்டுவிடுகிறது. உயிரொலி ஓடிக்கொண்டிருக்கும்போதே மூக்கு வழியாகவும் காற்றை விடுங்கள், நாக்கு எங்கும் தொடக்கூடாது. ஆங்கிலத்தில் நம் பிழை அழுத்தத்தில்: ‘டெவலப்’ என்பதில் இரண்டாம் அசையில்தான் அழுத்தம். பிரதியில் அழுத்தம் விழும் அசைகளின் கீழ்க் கோடிடுங்கள்.

வாக்கியத்துக்கு வாக்கியம் மொழி மாற்றிப் பேசினால் இரு தரப்பும் களைத்துப்போகும். கருத்து ஒன்று முடியும் இடத்தில் மாறுங்கள். மாறும் முன் இரண்டு விநாடி மூச்சு விடுங்கள்; இல்லாவிட்டால் வாய் முந்தைய மொழியிலேயே நின்றிருக்கும்.

உடனடி மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தால், மொழி மாறும் இடங்களைக் குறித்த பிரதியை முந்தைய நாளே கொடுங்கள். ஐ.நா.வின் 6 அலுவல் மொழிகளில் போர்ச்சுகீசியம் இல்லை. பொதுச்சபையில் அம்மொழியில் பேசும் பிரதிநிதி மொழிபெயர்ப்புக்குத் தாமே ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது விதி. மற்ற மாநாடுகளில் இந்த ஏற்பாடு யார் பொறுப்பு என்று அழைப்பை ஏற்கும்போதே கேட்டுவிடுங்கள்.