‘கேன்’ என்றால் ‘புரிஞ்சுது’

ஆங்கிலத்தில் இரண்டு பிழைகள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒன்று நாம் செய்வது: ‘ஐ கேன் ஏபிள் டு டூ இட்.’ இன்டர்வியூவுக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் இதைத் திருத்தித் திருத்தி ஓய்ந்துபோன ஆசிரியர்கள் நிறையப் பேர். இன்னொன்று, ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள் எழுதுவது: ‘ஐ குட் ஆஃப் டன் இட்.’ ‘குட் ஹேவ்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘ஆஃப்’ (of) வந்து உட்கார்ந்திருக்கும். நம்மூர்ப் பிள்ளை எவ்வளவு சுமாராகப் படித்திருந்தாலும் இந்த இரண்டாவது பிழையைச் செய்வது அபூர்வம். லண்டனில் பிறந்த பிள்ளைக்கு முதல் பிழை வாயிலேயே வராது.

இரண்டாவதை விளக்குவது சுலபம். வேகமாகப் பேசும்போது ‘குட் ஹேவ்’ என்பதில் ‘ஹ’ உதிர்ந்துவிடும். மிச்சமிருக்கும் உயிரொலியும் தேய்ந்து ‘அவ்’ என்று மட்டும் கேட்கும். அழுத்தமில்லாத ‘ஆஃப்’ தேய்ந்தாலும் அதே ‘அவ்’தான். மொழியைக் காதால் பிடித்த குழந்தை, எழுத உட்காரும்போது காதில் விழுந்ததை எழுதுகிறது. நாம் கண்ணால் கற்றவர்கள், அதனால் தப்பித்தோம்.

முதல் பிழையின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்னும் ஒன்பது துணைவினைகளும் மற்ற வினைச்சொற்களோடு ஒட்டாத தனிச் சாதி. ‘ஹி சிங்ஸ்’ என்று எஸ் போடுகிறோம்; ‘ஹி கேன்ஸ்’ என்று போடுவதில்லை. இவற்றுக்கு ‘இங்’ சேராது. முன்னால் ‘டு’ வராது, பின்னாலும் வராது. பின்னால் வரும் வினை ஒட்டு எதுவும் இல்லாமல் மொட்டையாகத்தான் நிற்க வேண்டும். ‘ஏபிள்’ வினையே அல்ல, பெயரடை. அதற்கு முன்னால் ‘பி’ என்ற வினை வேண்டும். ஆகவே ‘வில் பி ஏபிள் டு’ சரி, ‘கேன் ஏபிள் டு’ தவறு. பள்ளிக்கூடம் இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும். ஏன் இந்த வீம்பு என்று யாரும் சொல்வதில்லை.

காரணம் ஒரு பழைய இறந்தகாலத்தில் இருக்கிறது. ஒரு விஷயத்தை விளக்கிவிட்டு “புரிஞ்சுதா?” என்று கேட்கிறோம். “புரிஞ்சுது” என்று பதில் வருகிறது. சொல் இறந்தகாலம், பொருள் நிகழ்காலம். புரிந்து முடிந்ததால் இப்போது தெரியும். ‘கேன்’ பிறந்ததும் இப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் ‘குன்னன்’ என்றால் அறிதல். அதன் நிகழ்கால வடிவமாகப் பயன்பட்ட ‘கேன்’, அதற்கும் வெகுகாலம் முன்பு ஜெர்மானிய மொழிகளின் மூதாதையில் இறந்தகாலமாக இருந்தது: அறிந்துகொண்டேன், ஆகவே தெரியும். தெரியும் என்பதிலிருந்து முடியும் என்பதற்குப் போவது ஒரு எட்டுதான். “அவளுக்கு நீச்சல் தெரியும்” என்று நாம் சொல்வதும் அதைத்தானே.

இப்போது எஸ் புதிர் தானாக அவிழ்கிறது. ‘ஹி சேங்’ என்ற இறந்தகாலத்துக்கு எஸ் கிடையாது. ‘ஹி கேன்’ என்பதும் அடியில் இறந்தகாலம்தான், அதற்கும் கிடையாது. ‘மே’, ‘ஷல்’ இரண்டும் இதே கூட்டம். ‘மே’ என்றால் ஒரு காலத்தில் வலிமை கொண்டிருத்தல். ‘ஷல்’ என்றால் கடன்பட்டிருத்தல். ஜெர்மன் மொழியில் கடனையும் குற்றத்தையும் குறிக்கும் ‘ஷுல்ட்’ அதன் உறவுக்காரச் சொல். ‘வில்’ வேறு வழியாக வந்து இந்தக் கூட்டத்தில் கலந்தது. அதன் பழைய பொருள் விரும்புதல்.

எனக்கு மிகவும் வேடிக்கையாகத் தெரிவது ‘மஸ்ட்’. அனுமதி உண்டு என்ற பொருளில் ‘மோட்டன்’ என்றொரு வினை இருந்தது. அதன் இறந்தகாலம்தான் ‘மஸ்ட்’. போகலாம் என்ற சொல் நூற்றாண்டுகள் நடந்து போயே ஆக வேண்டும் என்று வந்து நிற்கிறது. ஏற்கெனவே இறந்தகாலமாக இருந்ததால் இன்று அதற்குத் தனி இறந்தகாலம் இல்லை. ‘ஹேட் டு’ என்று வேறொன்றைக் கடன் வாங்குகிறோம்.

மத்தியகாலம் வரை இச்சொற்கள் இவ்வளவு முடங்கிக் கிடக்கவில்லை. அதன் பிறகும் அந்தச் சுதந்திரம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது: ஏறத்தாழ 1600-இல் எழுதப்பட்ட ‘ஹாம்லெட்’ நாடகத்தில் இளவரசன் ‘ஐ மஸ்ட் டு இங்லண்ட்’ என்கிறான். போக என்ற வினையே அதில் இல்லை. துணைவினைக்குப் பக்கத்தில் நேராக ‘டு’ என்ற முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்) வந்து திசையைக் காட்டுகிறது, அது போதுமானதாக இருந்தது. ஜெர்மானியர்கள் இன்றும் ‘நான் வீட்டுக்கு வேண்டும்’ என்கிற மாதிரிதான் பேசுகிறார்கள். ஆங்கிலத்தில் அந்த வழக்கு செத்துவிட்டது. கொலை மறையாது என்னும் பொருளில் வரும் ‘மர்டர் வில் அவுட்’ போன்ற ஓரிரு பழமொழிகளில் மட்டும் அதன் எலும்பு மிஞ்சியிருக்கிறது.

முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் துணைவினை வருவதோ நடக்கவே நடக்காது. ‘வித்அவுட்’, ‘பிஃபோர்’, ‘ஆஃப்’ போன்றவற்றுக்குப் பின் வினை வந்தால் ‘இங்’ போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். ‘கேன்’ அதைப் போட்டுக்கொள்ளாது. பதில் சொல்ல முடியாமல் என்பதை எப்படிச் சொல்வது? ‘வித்அவுட் பீயிங் ஏபிள் டு ஆன்சர்.’ ‘கேன்’ போக முடியாத வாசல்களில் எல்லாம் அதன் சார்பில் போய்வரும் ஆள்தான் ‘பி ஏபிள் டு’. முதலாளியும் ஆளும் ஒரே நேரத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்வதுதான் நமது ‘கேன் ஏபிள் டு’.

தமிழில் இந்த வீம்பு இல்லை என்று நினைக்க வேண்டாம். போகிறேன், போகிறாள், போகிறார்கள் என்று வினை ஆளுக்கேற்ப மாறுகிறது. நான் போகலாம், அவள் போகலாம், அவர்கள் போகலாம், ‘லாம்’ அசையாது. ‘முடியும்’ கொஞ்சம் இளகி ‘முடியாமல்’ ஆகும். ‘வேண்டும்’ கூட ‘வேண்டிய’ ஆகும். ‘போகலாமல்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு மறுக்கும். வேறுபாடு வரிசையில்தான் இருக்கிறது. ‘ஷுட் ஹேவ் பீன் லுக்ட் ஆஃப்டர்’ என்ற தொடரைப் பின்னாலிருந்து படித்தால் ‘கவனிக்கப்பட்டிருக்க வேண்டும்’ அப்படியே கிடைக்கிறது: கவனி, படு, இரு, வேண்டும். ஒன்றின் தலை மற்றொன்றின் வால். ஆங்கிலத் தொடரின் இந்த வரிசையை 1957-இல் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி ஒரே விதியில் அடக்கிக் காட்டினார். துணைவினை, முற்றைக் காட்டும் ‘ஹேவ்’, தொடர்ச்சியைக் காட்டும் ‘பி’ என்று ஒவ்வொன்றும் தனக்கு அடுத்து வரும் வினையின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. ‘ஆஃப்டர்’ மட்டும் இந்த இழுபறியில் சேராமல் ‘லுக்’கின் கையைப் பிடித்தபடியே கடைசியில் நிற்கும்.

‘மஸ்ட் டு கோ’ என்று சிலர் எழுதுவதற்கும் காரணம் இதிலிருந்தே தெரிகிறது. ‘போக வேண்டும்’ என்பதில் ‘போக’வின் கடைசி அகரத்தை நம் மனம் ‘டு’ என்று மொழிபெயர்த்துக்கொள்கிறது. அந்த ‘டு’வை விடாமல் வைத்துக்கொண்டிருக்கும் ‘ஆட் டு’ (ought to) வேறு கூடவே இருந்து குழப்புகிறது.

ஒரு நாற்காலியில் ஒருவர்தான் என்ற விதிகூட எல்லா ஆங்கிலத்துக்கும் பொருந்தாது. அமெரிக்காவின் தென்பகுதியில் ‘மைட் குட்’ என்று இரண்டு துணைவினைகளை அடுத்தடுத்துப் போட்டுப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்துப் பேச்சில் ‘வில் கேன்’ உண்டு. ‘ஹி வில் கேன் டூ இட்’ என்று சொல்லிவிட முடிந்தவருக்கு ‘ஏபிள்’ எதற்கு?