வயலில் பழம்பொருள் கிடைத்தால்: கொடுக்கும் முன் எழுதி வாங்குங்கள்

கிணறு ஆழப்படுத்தும் வேலையில் ஒரு கூலித் தொழிலாளியின் கடப்பாரையில் செப்புக் குடம் ஒன்று தட்டுப்பட்டது. உள்ளே பழங்காசுகள். அன்று மாலையே அதை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். துண்டுச் சீட்டுகூட யாரும் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்துப் போய் விசாரித்தபோது, "நீ கொடுத்தது எத்தனை காசு என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று அதே மேசையில் கேட்டிருக்கிறார்கள். அவருக்காக மனு எழுத உட்கார்ந்தபோதுதான் நான் இந்தச் சட்டத்தை முழுதாகப் படித்தேன். அவருக்குச் சேர வேண்டிய பங்கு அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. அவர் கையில்தான் எதுவும் இல்லை.

சட்டத்தின் பெயர் இந்தியப் புதையல் சட்டம், 1878. மண்ணிலோ, மண்ணோடு சேர்ந்த கட்டுமானத்திலோ மறைந்திருக்கும் மதிப்புள்ள எந்தப் பொருளும் புதையல்தான். அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆமாம், பத்து ரூபாய்தான். அதனால் "தங்கமா வெள்ளியா, வெறும் பழைய இரும்புதானே" என்று வீட்டில் வைத்துக்கொள்ள வழியில்லை.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் வாயால் சொன்னால் போதும் என்று நினைக்கிறோம். அவர் தாசில்தாரிடம் போகச் சொல்வார், தாசில்தார் காவல் நிலையத்துக்குப் போகச் சொல்வார், அங்கே தொல்லியல் துறையைக் கேள் என்பார்கள். இப்படி அலைகிற ஒவ்வொரு நாளும் உங்களுக்குத்தான் ஆபத்து, ஏனென்றால் தகவல் தர வேண்டிய கடமையைச் சட்டம் கண்டெடுத்தவர் மேல் வைத்திருக்கிறது. சட்டம் கேட்பது கலெக்டருக்கு எழுத்தில் ஒரு தகவல்: என்ன பொருள், தோராயமாக எவ்வளவு மதிப்பு, எந்த இடத்தில், எந்தத் தேதியில் கிடைத்தது. அதோடு பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவேன் என்று கலெக்டர் சொல்லும் பிணையைக் கொடுக்க வேண்டும். தகவல் தராமல் மறைத்தால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். அதைவிட வலிப்பது, உங்கள் பங்கு முழுதும் அரசுக்குப் போய்விடும்.

ஆகவே கிடைத்த அன்றே கலெக்டர் பெயருக்கு மனுவை எழுதிப் பதிவு வசதியோடு விரைவுத்தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பிவிடுங்கள். சர்வே எண்ணைக் குறிப்பிடுங்கள். நகலில் அலுவலக முத்திரை வேண்டுமென்றால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் இன்னொரு பிரதி கொடுக்கலாம். அப்புறம் பொருளை எண்ணுங்கள், எடை போடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். கழுவாதீர்கள், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். யார் வாங்க வந்தாலும், எண்ணிக்கையும் எடையும் எழுதிய மகஜரில் கையெழுத்திட்டு ஒரு நகல் தந்த பிறகுதான் பொருள் கைமாற வேண்டும். "மேலதிகாரி அவசரமாகக் கேட்கிறார், ரசீது நாளைக்கு" என்பார்கள். அந்த நாளை வந்ததை நான் பார்த்ததில்லை.

அடுத்தது பங்கு. உரிமையாளர் இல்லாத புதையல் என்று கலெக்டர் அறிவித்த பிறகு, கண்டெடுத்தவரும் நிலத்துக்காரரும் வேறு வேறு ஆட்கள் என்றால், அவர்களுக்குள் உடன்பாடு எதுவும் இல்லாதபோது, முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. இதைப் படித்ததும் என் தொழிலாளி நண்பர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார், அப்படியே தலைகீழாகத்தான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். "உடன்பாடு இல்லாதபோது" என்ற சொற்களில்தான் கண்ணி இருக்கிறது. பொருள் கிடைத்த இரவே யாராவது ஒரு தாளோடு வந்து கூலிக்காரரிடம் கையெழுத்து கேட்பார்கள். கூலி பாக்கிக்கான ரசீது என்றுகூடச் சொல்வார்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், கைநாட்டு வைக்காதீர்கள்.

நிலத்துக்காரருக்கும் ஒரு கண்ணி உண்டு. கலெக்டர் அறிவிக்கை வெளியிட்டு, உரிமை கோருபவர்களை ஒரு நாள் குறித்து அழைப்பார். அந்த நாள் அறிவிக்கை வந்து நான்கு மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்கு மிகாமலும் இருக்கும். நேரிலோ உங்கள் சார்பில் ஒருவர் வழியாகவோ அன்று போகாவிட்டால் உரிமை போய்விடும். பட்டா உங்கள் பெயரில் இருந்து நீங்கள் வெளியூரில் வேலை பார்த்தால், நிலத்தில் குடியிருப்பவருக்கு வந்த நோட்டீஸ் உங்கள் கைக்கு வராமலே போகலாம். தாத்தா பெயரிலேயே பட்டா கிடந்தால் இன்னும் சிக்கல்.

"இது எங்கள் பாட்டன் புதைத்தது" என்று விசாரணையில் சும்மா சொல்லிவிடாதீர்கள். கடந்த நூறு ஆண்டுக்குள் உங்கள் முன்னோர் புதைத்ததாகக் கலெக்டர் கருதினால், விசாரணையைத் தள்ளிவைத்து உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு நிரூபிக்கச் சொல்வார். உண்மையிலேயே ஆவணம் இருந்தால் அந்த வழியில் போங்கள். இல்லாவிட்டால் பல வருடம் வீணாகும்.

அரசே பொருளை எடுத்துக்கொள்ளவும் கலெக்டருக்கு அதிகாரம் உண்டு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகள் பல இப்படி வந்தவைதான். அப்போது தருவது உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும். பழமைக்கு விலை கிடையாது. கோடி வரும் என்று ஆசை காட்டுகிற தரகருக்கு இது நன்றாகத் தெரியும், அதை வைத்துத்தான் உங்களை இழுப்பார். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, உரிமம் இல்லாமல் நூறு ஆண்டு பழமையான பொருளை வியாபாரம் செய்வதும் குற்றம், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம். தரகர் நழுவிவிடுவார், வழக்கு உங்கள் மேல் இருக்கும்.

இப்போது மெட்டல் டிடெக்டர் வாங்கிக்கொண்டு பழைய போர்க்களம் தேடிப் போகும் தம்பிகளுக்கு. உங்கள் ஆர்வம் எனக்குப் புரிகிறது. சோழ இளவரசர் இராஜாதித்தர் 949இல் யானை மேல் இருந்தபடியே உயிர்விட்ட தக்கோலம், பல்லவர் சாளுக்கியரை வென்ற மணிமங்கலம், திருப்புறம்பியம், 1780இல் ஹைதர் அலியின் படை கம்பெனிப் படையை முறித்த புள்ளலூர் என்று பெயர்களைக் கேட்டாலே கால் அங்கே போகத் துடிக்கும். ஆனால் அந்த ஊர்களில் இன்று உழைத்துப் பிழைக்கிறவர்களின் வயல்கள்தான் இருக்கின்றன. கருவி வைத்திருப்பதால் தோண்டும் உரிமை வந்துவிடாது. நிலத்துக்காரரிடம் கேட்காமல் இறங்குவது அத்துமீறல். அவர் சரி என்றாலும் அகழாய்வுக்கு அது அனுமதி ஆகாது. கீழடியில் மாநிலத் தொல்லியல் துறை தோண்டுவதற்கே மத்திய அரசின் ஒப்புதல் வேண்டியிருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விழலாம்.

சட்டத்தை விடுங்கள். ஓர் இரும்பு அம்பு முனை எந்த ஆழத்தில், எந்தத் திசை பார்த்து, எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதை வைத்துத்தான் படை எங்கே நின்றது, எந்தப் பக்கம் சிதறியது என்று சொல்ல முடியும். பிடுங்கிப் பையில் போட்ட பிறகு அது காயலான் கடை இரும்பு. கருவி ஒலித்தால் தோண்டாதீர்கள். கைப்பேசியில் இடத்தைக் குறித்து, படம் எடுத்து, மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு எழுதுங்கள். பதில் வராமல் போகலாம், எனக்கும் வராமல் போயிருக்கிறது. பொருள் மண்ணிலேயே இருந்தால் அடுத்து வருபவர் பார்ப்பார். இடத்தின் பெயரை மட்டும் இணையத்தில் போட்டுவிடாதீர்கள். மறுநாளே மண்வெட்டியோடு ஆள் வந்துவிடும்.

மனு கொடுத்து மாதக்கணக்கில் அசைவே இல்லையென்றால், பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். "என் மனு என்ன ஆயிற்று" என்று கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்றுதான் வரும். அறிவிக்கை வெளியிட்ட தேதி, விசாரணைக்குக் குறித்த தேதி, கருவூலத்தில் பொருள் சேர்ந்த பதிவேட்டுப் பக்கத்தின் நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். உரிமையாளர் இல்லை என்ற அறிவிப்பில் உங்களுக்குக் குறை இருந்தால், அந்தத் தேதியிலிருந்து இரண்டு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அறிவிப்பின் நகல் தபாலில் வரும் என்று காத்திருக்காமல் நேரில் போய்க் கேட்டு வாங்குங்கள், நகல் தாமதமாக வந்தாலும் அந்த இரண்டு மாதம் அறிவிப்புத் தேதியிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும்.