எண்ணெயில் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? சமோசா மசாலாவும் நேரக் கணக்கும்

எங்கள் குமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் நாலு பேர் கூடினால் கட்டஞ்சாயாவோடு சமோசா வந்துவிடும். கத்தோலிக்கர்களின் அன்பியக் கூட்டம், நோன்பு திறப்பு, கோயில் கொடைக்கான கமிட்டிக் கூட்டம், பிள்ளைகளின் பிறந்தநாள், நிச்சயத்துக்கு முந்தின நாள் மாலை என்று எதற்கும் ஒத்துப்போகிற பலகாரம் அது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண் இது. அதனால் மெல்லிய ஷீட்டில் கோழியோ மாட்டிறைச்சியோ வைத்து மடக்குகிற கேரளத்துப் பழக்கமும் இங்கே உண்டு, உருளைக்கிழங்கு வைத்த தடித்த சமோசாவும் உண்டு. எல்லை ஊரான களியக்காவிளைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் பேக்கரிகளில் பப்ஸ் தீராத நாளில்லை.

உணவு நுண்ணுயிரியல் படித்தவன் நான். வீட்டிலிருந்து பலகாரம் செய்து கொடுப்பவர்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் பயிற்சி கொடுப்பது என் வேலை. போகிற இடமெல்லாம் ஒரு வாசகத்தைக் கேட்கிறேன்: "கொதிக்கிற எண்ணெயில போட்டு எடுக்கோம், அதில என்ன கிருமி இருக்கும்?" இந்த நம்பிக்கையைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். சமோசாவில் ஆபத்து இருந்தால் அது உள்ளே இருக்கும் மசாலாவில்தான் இருக்கும். அந்த மசாலா அடுப்பிலிருந்து இறங்கிய பிறகு எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது என்பதை வைத்தே பாதி விஷயம் முடிவாகிவிடும்.

சமீபத்தில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நிச்சயத்துக்கு வருகிறவர்களுக்காக இரவே கோழி மசாலா வதக்கி, பெரிய வார்ப்புப் பாத்திரத்தில் மூடி அடுக்களையிலேயே வைத்துவிட்டார்கள். காலையில் மடக்கி, மாலை நாலு மணிக்குப் பொரித்தார்கள். சாப்பிட்டவர்களில் பலருக்கு நடுராத்திரிக்குப் பிறகு வயிற்றைப் பிடித்து இழுக்கிற வலி, கூடவே வயிற்றுப்போக்கு. காய்ச்சல் இல்லை, வாந்தியும் பெரும்பாலும் இல்லை. வீட்டுக்காரர்கள் கோழிக்கடைக்காரரைச் சந்தேகப்பட்டார்கள். பரிசோதனை செய்யாமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், எனக்கு அந்த வார்ப்பின் மேல்தான் சந்தேகம்.

காரணம் இது. கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. அதன் வித்துகள், அதாவது உறங்கிக் கிடக்கும் அதன் வடிவம், கொதிக்கிற சூட்டையும் தாங்கும். அண்டா நிறைய இறைச்சி மசாலாவை மூடி வைத்தால் அதன் நடுப்பகுதி ஆறவே பல மணி நேரம் ஆகும். வித்துகள் முளைத்துப் பெருகுவதற்கு அந்த இளஞ்சூடு ரொம்ப வசதி. 43 முதல் 47 டிகிரி செல்சியஸில் இந்தப் பாக்டீரியா கிட்டத்தட்ட பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். சாப்பிட்டு 6 முதல் 24 மணி நேரத்தில் வலி தொடங்கும். அந்த வீட்டில் நடந்ததும் இந்தக் கணக்கோடுதான் ஒத்துப்போகிறது.

"பொரிக்கும்போது அது செத்திருக்குமே" என்று கேட்கலாம். மசாலாவின் நடுப்பகுதி 74 டிகிரிக்கு ஏறினால் முளைத்துப் பெருகிய பெர்ஃப்ரிஞ்சென்ஸ் சாகும், உண்மைதான். ஆனால் மெல்லிய ஷீட் சமோசா மூன்று நான்கு நிமிடத்தில் சிவந்துவிடும். நாமும் நிறத்தைப் பார்த்து எடுத்துவிடுவோம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த மசாலா என்றால் அந்த நேரத்துக்குள் உள்ளே போதிய சூடு வராது. கடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதைவிட மோசமான விருந்தாளிகள் இரண்டு பேர் உண்டு. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் நம் மூக்கிலும் தோலிலும் வெட்டுக்காயத்திலும் இருப்பது. பேசிலஸ் சீரியஸ் மண்ணிலிருந்து கிழங்கு, அரிசி, மசாலாப் பொடிகள் வழியாக வருவது. இரண்டும் உணவிலேயே நஞ்சைச் சுரந்து வைக்கும். பாக்டீரியாவைப் பொரித்துக் கொல்லலாம், ஸ்டாஃப் விட்டுப்போன நஞ்சைக் கொல்ல முடியாது. சீரியஸின் வாந்தி நஞ்சு 121 டிகிரியையும் தாங்கும். சாப்பிட்டு ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் திடீரென்று வாந்தி வந்தால் பெரும்பாலும் இவர்கள் கைவரிசைதான். நீங்கள் எவ்வளவு நன்றாகப் பொரித்தாலும் இது வரும்.

சரி, அப்படியானால் எப்படிச் செய்வது? செய்யாமல் இருக்க வேண்டாம். இவ்வளவு பேரை ஒன்றாக உட்கார வைக்கிற பலகாரம் வேறு எது?

மசாலாவைக் கடைசியில் செய்யுங்கள், மாவை முதலில் பிசையுங்கள். நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. அரைக் கிலோ மைதாவுக்கு 100 முதல் 125 கிராம் எண்ணெய் அல்லது நெய், ஒரு டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் ஓமம். கொழுப்பை மாவோடு நன்றாகத் தேய்த்து, கையில் பிடித்தால் பிடித்தபடி நிற்கிற பதம் வந்த பிறகு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கெட்டியாகப் பிசைய வேண்டும். ஈரத்துணி போட்டு அரைமணி நேரம் வைத்துவிடுங்கள். இதில் இருபது சமோசாவுக்கு மேல் வரும். அந்த அரைமணி நேரத்தில் மசாலா வேலையைத் தொடங்கினால் கணக்கு சரியாக வரும்.

மசாலா உலர்ந்து இருக்க வேண்டும். கிழங்கைத் தோலோடு வேகவைத்து, தண்ணீரை முழுக்க வடித்து, சட்டியில் ஈரம் போகும்வரை பிரட்டுங்கள். வெங்காயத்தை வதக்கும்போது அவசரப்படாதீர்கள், நீர் விட்டு அது வற்ற வேண்டும். கோழி என்றால் முழுதாக வெந்தபிறகு உதிர்த்து, மறுபடி மசாலாவோடு வறட்டுங்கள். ஈரம் குறைந்தால் பாக்டீரியாவுக்கும் வசதி குறையும், சமோசா எண்ணெயில் பிரிந்து வெடிக்கவும் செய்யாது. தேங்காய்ப்பூ சேர்க்கிற பழக்கம் எங்கள் பக்கம் சில வீடுகளில் உண்டு. ருசிதான், ஆனால் தேங்காய் சேர்த்த எதுவும் எவ்வளவு சீக்கிரம் சளித்துப்போகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உடனே பொரிப்பதாக இருந்தால் மட்டும் சேருங்கள்.

வெந்த மசாலாவை அந்தப் பாத்திரத்திலேயே விடாமல் அகலமான தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, ஃபேனுக்குக் கீழே வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கு இறங்க வேண்டும் என்பது உணவுத் துறையில் வைத்திருக்கிற கணக்கு. நம் ஊர்ச் சூட்டில் அறையிலேயே அது நடக்காது. கை பொறுக்கிற சூடு வந்ததும் உடனே மடக்கிப் பொரிக்க வேண்டும், இல்லையென்றால் தட்டோடு ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சமைத்த உணவு மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரம்தான். சித்திரை வைகாசியில் கரண்டும் போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாளே செய்துதான் ஆக வேண்டுமென்றால், ஆறிய மசாலாவை வைத்து மடக்கிப் பொரிக்காமல் ஃப்ரீசரில் வையுங்கள். மறுநாள் வெளியே வைத்து உருக விடாமல், அப்படியே எண்ணெயில் போட்டு மிதமான தீயில் கூடுதல் நேரம் பொரியுங்கள். ஒன்றை உடைத்து நடுவில் ஆவி வருகிறதா பாருங்கள். ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கிற குச்சி வெப்பமானி ஒன்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆர்டர் எடுத்துச் செய்பவர்கள் அவசியம் வாங்குங்கள்.

மடக்குகிற நேரம் எனக்கும் பிடிக்கும். சித்தி, மாமி, பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டே மடக்குவார்கள். ஸ்டாஃப் உள்ளே போவதும் அந்த நேரத்தில்தான். ஆறிய மசாலாவை வெறுங்கையால் அள்ளுகிறோமே. உட்காரும் முன் எல்லாரும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்காரட்டும். விரலில் வெட்டுக்காயமோ சளியோ இருப்பவர் அன்றைக்கு சாயா போடுகிற வேலையை எடுத்துக்கொள்ளட்டும். மசாலாவுக்கு ஸ்பூன் போடுங்கள்.

மீன் சமோசா செய்கிற கடற்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சூரை, அயலை, சாளை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் உருவாகும். வேகவைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வரும். பலர் இதை மீன் அலர்ஜி என்று நினைத்து ஆயுள் முழுக்க மீனை ஒதுக்கிவிடுகிறார்கள். மீனுக்கு நேரக் கணக்கு கரையிலேயே தொடங்கிவிடுகிறது. தேங்காய்ப்பட்டணத்திலோ குளச்சலிலோ வாங்கினாலும் ஐஸில் வைத்த மீனாகப் பார்த்து வாங்குங்கள்.

தொட்டுக்கொள்ள மயோனைஸ் கேட்கிறார்கள் பிள்ளைகள். பச்சை முட்டை மயோனைஸைக் கேரளம் 2023 ஜனவரியில் தடை செய்தது. தமிழ்நாடு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது. பச்சை முட்டையில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா என்ற பாக்டீரியாதான் பயம். தடை ஆணையின் காலம் முடிந்தாலும் பச்சை முட்டையின் ஆபத்து முடிவதில்லை. வீட்டில் புளி, பேரீச்சை சட்னி வையுங்கள், புளிப்பு நிறைய இருப்பதால் அது தாங்கும்.

எண்ணெயைப் பற்றிச் சுருக்கமாக. பொரித்த எண்ணெயில் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பச் சூடாகிச் சிதைவதால் உருவாகுபவை) 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் சட்டம். வீட்டில் அளக்க முடியாது. கறுத்து, நுரைத்து, சூடேறும் முன்பே புகைந்தால் கொட்டிவிடுங்கள். பப்ஸ் செய்கிறவர்கள் மார்ஜரின் பாக்கெட்டில் ட்ரான்ஸ் கொழுப்பு அளவைப் பாருங்கள், 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் 2 சதவீதத்துக்கு மேல் கூடாது. செய்தித்தாளில் வைத்து எண்ணெய் வடிய விடாதீர்கள். அச்சுமை சூடான எண்ணெயில் கரைந்து உணவில் ஏறும்.

பிரியாணியும் மிச்சமாகும், சமோசாவும் மிச்சமாகும். வந்தவர்களுக்குக் கட்டிக் கொடுப்பது நம் மரியாதை. ஆனால் மேசையில் மாலை முழுக்க இருந்ததைக் கட்டிக் கொடுக்காதீர்கள். இரண்டு நடையாகப் பொரித்து, பொரிக்காமல் ஃப்ரீசரில் மிச்சம் இருப்பதைக் கொடுத்தால் அவர்கள் வீட்டிலேயே பொரித்துக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் யாருக்காவது வந்துவிட்டால் முதலில் நீர்ச்சத்து. ஓஆர்எஸ் பாக்கெட் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி அளந்து கலக்கி, சிறிது சிறிதாகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், எதைக் குடித்தாலும் வாந்தி, பல மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, குழந்தை துவண்டு கிடப்பது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் காத்திருக்க வேண்டாம். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

டாக்டரிடம் என்ன சாப்பிட்டோம் என்பதோடு, எத்தனை மணிக்குச் சாப்பிட்டோம், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள். அதை வைத்தே அவர் பாதி கண்டுபிடித்துவிடுவார். செய்து கொடுத்தவர் வெட்கப்பட்டு மறைக்காமல் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் போன் போட்டுச் சொல்ல வேண்டும். மிச்சம் இருக்கும் சமோசாவைக் குப்பையில் போடாமல், இரண்டை மூடிய டப்பாவில் போட்டு, யாரும் எடுத்துச் சாப்பிடாதபடி மேலே எழுதி ஃபிரிட்ஜில் வையுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தால் ஆய்வகத்துக்கு அனுப்ப அது வேண்டியிருக்கும்.